ஒற்றை டிக்

பிப்ரவரி 4

அண்ணாவுக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, இனிமேல் எதுவானாலும் காகிதத்தில் எழுது என்று நீ போட்ட உத்தரவுப்படி எழுதுகிறேன். போன் ஒரு பாவமும் செய்யவில்லை. நான் ஒன்றைச் சொல்ல, நீ அதற்குச் சம்பந்தமே இல்லாமல் இன்னொன்றுக்குப் பதில் சொல்ல, நான் கத்த, 'ஏன் கத்தற?' என்று நீ கேட்க, அப்படித்தான் சண்டை வருகிறது. சரி, நீ பெரியவன். சொன்னபடி கேட்கிறேன்.

இரண்டு இடத்திலும் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒன்று எம்.பி.ஏ., இரண்டு வருஷம். இன்னொன்று சப்ளை செயின் மட்டும் படிக்கிற மாஸ்டர்ஸ், ஒரு வருஷம். 'அது என்ன படிப்பு, லாரி ஓட்டறதா?' என்று நீ அண்ணியிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். லாரி ஓட்ட அதில் சொல்லித் தரமாட்டார்கள். ஒரு பொருள் செய்த இடத்திலிருந்து வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரும் வரை எங்கெங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, நிற்காமல் எப்படி அனுப்புவது என்று படிப்பது. ஆறு வருஷமாக இந்தக் குளிர்பதனக் கிடங்கில் நான் செய்கிற வேலையும் அதுதான். மருந்துப் பெட்டி ஏற்ற வரும் வண்டிகள் எங்கள் வாசலில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்தன. எந்த வண்டி எந்தக் கதவுக்கு முதலில் வரவேண்டும் என்ற வரிசையை மட்டும் மாற்றினேன். இப்போது ஐம்பது நிமிஷத்தில் கிளம்பிவிடுகின்றன. அது எப்படி நடந்தது என்று எனக்கே பாதிதான் புரிந்திருக்கிறது. மீதியையும் புரிந்துகொள்ள ஆசை.

இரண்டு படிப்பின் காகிதங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். எது சரி என்று தோன்றுகிறதோ அதில் குறி போட்டு அனுப்பு. மார்ச் பத்துக்குள் ஏதாவது ஒன்றை நான் விட்டாக வேண்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 11

சுண்டெலிக்கு,

காகிதங்கள் வந்தன. இங்கே அட்டைப்பெட்டி மெஷின் காலையிலிருந்து மக்கர் பண்ணுகிறது, பசைத் தொட்டியில் ஏதோ அடைப்பு. விரிவாக அப்புறம் எழுதுகிறேன். எம்.பி.ஏ. காகிதம் என்னிடமே இருக்கட்டும், ஒரு வேலை இருக்கிறது. மற்றதை அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

மிகவும் நன்றி. நீ இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. சப்ளை செயின் காகிதத்தின் மேல் ஓரத்தில் உன் பச்சை மையில் அழகாக ஒரு டிக் இருந்தது. பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கே எம்.பி.ஏ. கல்லூரிக்கு, இடம் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். சப்ளை செயின் படிப்பில் சேருகிறேன் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. பசைத் தொட்டி சரியாகிவிட்டதா? அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 25

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குத்தான் தமிழ் மறந்துவிட்டதோ என்று உன் அண்ணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள்.

ஒற்றை டிக் என்றால் என்ன? பிறந்ததிலிருந்து நீ பார்த்த விஷயம். ஆர்டர் காகிதம் மேஜைக்கு வந்ததும் அப்பா ஒரு டிக் போடுவார். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். அளவு சரியா, தாள் கைவசம் இருக்கிறதா, நாள் போதுமா என்று யோசித்த பிறகு பக்கத்திலேயே இன்னொரு டிக். இரண்டு டிக் விழுந்தால்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். எட்டு வயதில் நீயே பெரிய மனுஷி மாதிரி ஒரு ஒற்றை டிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் மெஷின்காரரிடம் நீட்டினாய். நானூறு அட்டைப்பெட்டி தப்பான அளவில் வந்து விழுந்தது. அப்பா உன்னைத் தேட, அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குள்ளேயே சாயங்காலம் வரை ஒளிந்துகொண்டிருந்தாய். சுண்டெலி என்ற பெயரே அன்றைக்கு வந்ததுதான். அப்படிப்பட்டவளுக்கு இது எப்படி மறந்துபோகும்?

நான் போட்டது ஒற்றை டிக். பார்த்தேன். யோசிக்கவில்லை. எம்.பி.ஏ. காகிதத்தை ஏன் நிறுத்தி வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தேன். உன் பெயர், பக்கத்தில் எம்.பி.ஏ., கீழே 'இயக்குநர்'. 'படிச்சு முடிச்சுட்டாங்களா சார்?' என்று அச்சகத்துக்காரர் சந்தேகமாகக் கேட்டார். அட்மிஷன் காகிதத்தைக் காட்டி அடிக்கச் சொன்னேன். ஐநூறு கார்டு வந்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

போகட்டும். படிப்புக்கு வருகிறேன். எம்.பி.ஏ. என்றால் மூன்று எழுத்தில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். உன் படிப்பை விளக்க ஒரு பத்தி தேவைப்படுகிறது. எனக்கு நீ எழுதியதே ஒரு பத்தி. அந்த வகுப்பில் யார் உட்காரப்போகிறார்கள் என்று பார்த்தாயா? வேலை அனுபவம் தேவையில்லை என்று காகிதத்திலேயே போட்டிருக்கிறான். நேற்றுக் கல்லூரி முடித்த இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். முப்பத்தொரு வயசில், ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, நீ அவர்கள் நடுவில் போய் உட்காரப்போகிறாயா? எம்.பி.ஏ.வில் அனுபவம் இல்லாதவரைச் சேர்க்கவே மாட்டோம் என்கிறார்கள். உன் ஆறு வருஷத்துக்கு மரியாதை அங்கேதான் இருக்கிறது. நாளைக்கே அந்தக் கிடங்கு வேலை சலித்துப்போனால் எம்.பி.ஏ.க்காரி வேறு எதற்கும் போகலாம். நீ கிடங்கு விட்டால் இன்னொரு கிடங்கு.

அதையெல்லாம் விடு. இங்கே வந்து என் நாற்காலியில் உட்காரப்போகிறவளுக்குத் தாள் வாங்கவும் தெரிய வேண்டும், ஆட்களை வேலை வாங்கவும் தெரிய வேண்டும், பேங்க்காரரிடம் பேசவும் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் போதாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருந்தது. அப்பா மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்த அன்று அதை விட்டுவிட்டு இந்தச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டேன். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இல்லை, சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன்.

உடனே அந்தக் கல்லூரிக்கு எழுதி, தெரியாமல் செய்துவிட்டேன், இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேள்.

அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

எனக்கு மறக்கவில்லை.

டிக்கைப் பார்த்தவுடனே அது என்ன டிக் என்று தெரிந்துவிட்டது. கிடங்கின் சாப்பாட்டு அறையில் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது டிக் வரப்போவதில்லை, அதற்குப் பதில் நாலு பக்கத்துக்குக் கடிதம் வரும் என்று தெரியும். அது வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று தெரியாதவள் போல நடித்தேன். நன்றி, அன்பு என்றெல்லாம் நான் எழுதியபோதே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். செய்தது திருட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். கடிதம் வந்ததும் எண்ணிப் பார்த்தேன். நாலு பக்கம்தான்.

நீ சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் நடுவில் நான் போய் உட்கார்ந்தால் முதல் நாள் என்னை டீச்சர் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். நிற்கட்டும். எனக்குத் தெரியாத கணக்கு அவர்களுக்குத் தெரிந்தால் கேட்டுக்கொள்கிறேன். நாலு மணி நேரம் வண்டி வாசலில் நின்றால் டிரைவர் என்னென்ன பேசுவார் என்பதை அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.பி.ஏ. வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள், அதை உனக்குச் சொல்லவில்லை. காலையில் விளம்பரம், மதியம் வரவு செலவு, சாயங்காலம் தலைமைப் பண்பு. எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். நல்ல வாத்தியார்கள்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஒரே ஒன்று தட்டு நிறைய வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் நான் எழுதுவதும் வீண், நீ எழுதுவதும் வீண். படிப்பை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு நாம் போடுவது வேறு சண்டை. உன் நாற்காலியில் வந்து உட்காருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? ஒவ்வொரு முறை நீ கேட்டபோதும் 'பாக்கலாம்' என்றேன். நம் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? அப்பாவிடம் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன 'பாக்கலாம்'தானே அது. முகத்துக்கு நேரே சொல்லாதது என் தப்பு. இப்போது சொல்கிறேன். நான் வரமாட்டேன். எம்.பி.ஏ. படித்தாலும் வரமாட்டேன், படிக்காவிட்டாலும் வரமாட்டேன். எனக்கு அந்த மெஷின் பிடிக்காது, அட்டை வாசனை பிடிக்காது, எல்லோரும் என்னை 'சின்ன மேடம்' என்று கூப்பிடுவது பிடிக்காது.

கார்டுகளை என்ன செய்வதென்றா கேட்கிறாய்? உன் மேஜைக்கு ஒரு கால் குட்டை, ஆடுகிறது என்று வருஷக்கணக்கில் புலம்புகிறாய். அதற்கடியில் வை.

தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வாழ்க்கை, உன் இஷ்டம். நான் சொல்ல ஒன்றும் இல்லை.

எம்.பி.ஏ. இரண்டு வருஷம், அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். உன்னைக் கேட்காமல் போட்டது என் முட்டாள்தனம். இங்கே எல்லோரும் நலம். கார்டு நல்ல கெட்டித் தாள். மேஜை ஆடுவது நின்றுவிட்டது.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

உன் கடிதத்தில் 'தாக்குப்பிடித்தால்' என்று ஒரு வார்த்தை இருந்தது. எதைத் தாக்குப்பிடிக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் போன் செய்து கேட்டேன். முதலில் மழுப்பினார்கள். விடாமல் கேட்டதும் அழுதுவிட்டார்கள்.

'இடது காது சுத்தமாப் போச்சும்மா. வலது காதும் பாதிதான் கேக்குது. மெஷின் பக்கமே போகாதீங்க, போனா இருக்கறதும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ படிச்சுட்டு வரட்டும், அதுவரைக்கும் நீ வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.'

போனில் பேசினால் சண்டை வருகிறதா? போனில் உனக்குக் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல், காகிதத்தில் எழுதினால்தான் நிதானமாக யோசிக்க முடியும் என்று எனக்கு உபதேசம் செய்தாய். போன வருஷம் எங்கள் கிடங்கில் என்னோடு வேலை பார்த்தவர் இறந்துபோனதைச் சொல்லி நான் அழுதேன். நீ 'நல்லது, நல்லது, ரொம்ப சந்தோஷம்' என்றாய். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. என் அண்ணனுக்கு மனசே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதத்துக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய்?

தொழிற்சாலையில் எல்லோருக்கும் சத்தம் தாக்காமல் காதில் செருகிக்கொள்ள அடைப்பான் வாங்கிக் கொடுத்தவன் நீ. போடாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவனும் நீ. நீ மட்டும் போடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பசை சரியாகப் பிடிக்காவிட்டால் மெஷின் சத்தம் மாறும், அதைக் காதாலேயே கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நீதான் என்று உனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்குக் காதைக் கொடுத்திருக்கிறாய். உன்னை என்ன செய்தால் தகும்?

எம்.பி.ஏ. கல்லூரியைக் கேட்டேன். எனக்குப் பதில் கூப்பிட்ட ஆள் இன்னும் வந்து சேரவில்லையாம். இருபத்தைந்தாம் தேதி வரை அந்த இடத்தை எனக்கே தருவதாகச் சொல்கிறார்கள். உன் காதுக்காக என்றால் படிக்கிறேன். முடித்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறேன். சந்தோஷமாக வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவேன், தினமும் அப்படித்தான் இருப்பேன். அப்படியும் வரவேண்டுமா என்று யோசித்து எழுது. 'பாக்கலாம்' என்று எழுதாதே.

உன் தங்கை


மார்ச் 19

சுண்டெலிக்கு,

தபாலில் போட்டால் தேதி தாண்டிவிடும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்கமாட்டேன். வரேன்னுட்டா, வரேன்னுட்டா என்று கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினேன். மறுநாள் இன்னொரு தடவை எடுத்துப் படித்தபோது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வருஷமாகக் காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

இறந்துபோனவரைப் பற்றி நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. உனக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதுவதைத் தவிர இதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நேற்றுக் காலை, மெஷின் போடுவதற்கு முன்னால், ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். 'தங்கச்சி இங்க வரமாட்டா. நாமதான் வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கணும்' என்றேன். இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல முந்தின நாளெல்லாம் எனக்குள்ளேயே ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்று மறுபடி சொன்னார்.

'அது எங்களுக்கு ஆறு வருஷமாத் தெரியும் சார்.'

'யாருக்கு?'

'எல்லாருக்கும் சார். அவங்க அந்த வேலையில சேந்தப்பவே தெரியும். நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தோம்.'

காது விஷயமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் பேச வேண்டுமென்றால் வலது பக்கம் வந்து நிற்க வேண்டும் என்பது அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடமாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் முற்றத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

இனி மெஷின் தளத்தை அவரே பார்த்துக்கொள்வார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தாள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து என் மேஜையை அங்கே போடச் சொல்லிவிட்டேன். பசை பிடிக்காதபோது சத்தம் மாறுமே, உங்களுக்குத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். சத்தமெல்லாம் அவர் கேட்பதில்லையாம். மெஷின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தால் நடுக்கம் மாறுவது தெரிந்துவிடுமாம். இத்தனை வருஷமாக நான் ஓடிப்போய்ச் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். என் பெருமை அதோடு போயிற்று.

மெஷினையும் கட்டடத்தையும் விற்றுவிடலாமா என்று உன் அண்ணி கேட்டாள். இந்த வீட்டில் அந்த வார்த்தையை இதுவரை யாரும் சொன்னது கிடையாது. நான் கோபப்படவில்லை. எழுந்து போகவும் இல்லை.

உன் படிப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அந்தச் சின்னப் பிள்ளைகளோடு நீ உட்காருவதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, அது சீக்கிரம் மாறும் என்று தோன்றவில்லை. ஆனால் ஆறு வருஷம் நீ 'பாக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். இங்கே பசை கலக்குகிறவர் வரைக்கும் எல்லோரும் அதைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் கேட்கவில்லை. அதற்குக் காதைக் காரணம் சொல்ல முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் இருந்தன.

எம்.பி.ஏ. வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிடு. இந்தத் தடவை நான் சொல்லி எழுதுகிறாய்.

அண்ணன்